சந்தேகப் பிராணி

அக்கா மகனுக்கு இருபத்தேழு வயசு. கோயமுத்தூரில் ஐ.டி. வேலை. போன மாதம் வீட்டுக்கு வந்தவன், சாம்பாரிலிருந்து ரசத்துக்கு மாறுகிற இடைவெளியில் மெதுவாக ஆரம்பித்தான்.

“மாமா, நீங்க பி.காம். தானே? இந்த கிரிப்டோவைப் பத்தி என்ன நினைக்கறீங்க?”

நான் பி.காம். முடித்தபோது பிட்காயின் பிறக்கவே இல்லை. ஆனாலும், மாமா பதவிக்கென்று ஒரு மரியாதை இருக்கிறதே! முகத்தைக் கொஞ்சம் சீரியஸாக வைத்துக்கொண்டு, “இனிமேதான் போடப்போறியா, ஏற்கெனவே போட்டாச்சா?” என்றேன்.

“2021லயே கொஞ்சம் போட்டேன் மாமா. டி20 வேர்ல்டு கப் பார்த்துட்டு இருந்தப்போ...”

“கிரிக்கெட்டுக்கும் இதுக்கும் என்னடா சம்பந்தம்?”

“மேட்ச் நடுவுல விளம்பரம் வந்துட்டே இருந்துச்சு. ஆப்பை இறக்கினேன். பான் கார்டு, ஆதார், ஒரு செல்ஃபி. சாயந்திரத்துக்குள்ள அக்கவுன்ட் ரெடி. நூறு ரூபாய்க்குக்கூட வாங்கலாம்னு போட்டிருந்தாங்க.”

நூறு ரூபாயில் ஆரம்பித்தவன் எவ்வளவில் நின்றான் என்று அவன் சொல்லவில்லை. அக்கா பக்கத்தில் நின்று பரிமாறிக்கொண்டிருந்ததால் நானும் கேட்கவில்லை. மூன்றே மூன்று கேள்விகள் மட்டும் கேட்டேன்.

என்ன வாங்கியிருக்கே?

“பிட்காயின். அப்புறம், நாய் படம் போட்ட ஒரு காயின்.”

அது இப்போ யார் கையில இருக்கு?

“ஆப்புல இருக்கு மாமா.”

ஆப்புங்கறது யாரு?

பதில் இல்லை. ரசம்தான் உறிஞ்சப்பட்டது.

சரி, வித்துப் பணமாக்காம, அந்தக் காயினை அப்படியே வெளியே எடுத்துட்டுப் போக முடியுமா?

“அதெல்லாம் பார்க்கலை மாமா.”

ஆனால், அன்றைக்குக் காலையில் பிட்காயின் என்ன விலை, முந்தின நாளைவிட எவ்வளவு ஏறியிருக்கிறது என்று கேட்டிருந்தால் புள்ளி சுத்தமாகச் சொல்லியிருப்பான். நிச்சயம்.

பையன் முட்டாள் இல்லை. ஒரு செகண்ட் ஹேண்ட் பைக் வாங்கும்போது ஆர்.சி. புக்கைப் புரட்டிப் பார்த்து, மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போனவன்தான். அப்படிப்பட்டவனை, ஒரு கேள்விகூடக் கேட்காமல் உள்ளே நுழைய வைத்தது எது? எனக்கு அதுதான் ஆச்சரியம். எனவே, வாசலில் நின்று அழைத்தவர்கள் என்னதான் சொன்னார்கள் என்று பார்த்துவிடுவோமே என்று உட்கார்ந்தேன்.

அவன் பார்த்த நம்மூர் விளம்பரங்களுக்குப் பிறகு வருகிறேன். அதே சீஸனில் அமெரிக்காவில் இன்னும் பெரிய நட்சத்திரங்களை வைத்து, இன்னும் பெரிய செலவில் இதே அழைப்பை விடுத்தார்கள். அவற்றில் மூன்றை எடுத்துக்கொண்டேன். காரணம், அழைத்த கம்பெனிகளின் கதை அதற்குப் பிறகு எப்படிப் போனது என்பது இன்றைக்கு நமக்குத் தெரியும். சினிமாவுக்கு விமர்சனம் எழுதுகிறோம். ஆயிரக்கணக்கில் பணத்தைப் போட வைக்கிற ஒரு நிமிஷப் படங்களுக்கு ஏன் எழுதக்கூடாது?

மார்க் போடுவதற்கு அளவுகோல், சாப்பாட்டு மேஜையில் கேட்ட அதே மூன்று கேள்விகள்தான். என்ன வாங்குகிறேன்? யார் கையில் இருக்கும்? வெளியே வர வழி எது?

*

முதல் படம் 2021 அக்டோபர் கடைசியில் வெளியானது. கொடுத்தவர்கள் கிரிப்டோ.காம். ஹீரோ மேட் டேமன். இயக்கம் வாலி ஃபிஸ்டர். ‘இன்செப்ஷன்’ படத்தின் ஒளிப்பதிவுக்காக ஆஸ்கர் வாங்கியவர். ஆக, பார்ப்பதற்குக் குறையே கிடையாது.

வெள்ளை வெளேரென்று ஒரு நீண்ட மண்டபம். டேமன் நடந்து வருகிறார். இரண்டு பக்கமும் மனித குலத்தின் சாகசங்கள் உயிர்பெற்று நிற்கின்றன. கடலைக் கடந்தவர்கள், பனிமலை ஏறுகிறவர், முதன்முதலில் பறந்து பார்த்தவர்கள், விண்வெளி வீரர்கள். சரித்திரம் முழுக்க, செய்யலாமா என்று யோசித்துவிட்டுக் கடைசி நிமிஷத்தில் பின்வாங்கியவர்கள்தான் அதிகம். நீ அப்படி இருக்காதே என்கிறார். துணிந்தவனுக்குத்தான் அதிர்ஷ்டம் என்ற பழைய லத்தீன் பழமொழியைச் சொல்லி முடிக்கிறார். தூரத்தில் செவ்வாய் கிரகம் தெரிகிறது. கம்பெனி பெயர் வருகிறது. அவ்வளவுதான்.

என்ன வாங்கச் சொல்கிறார்? விளக்கம் கிடையாது. யார் கையில்? மூச்! வெளியே வருவது? உள்ளே போவதற்கே வழி சொல்லாதவர் வெளியே வருவதற்கா சொல்லப்போகிறார்?

இதில் இன்னொரு தில்லுமுல்லு இருக்கிறது. மலை ஏறுகிறவனைப் பாருங்கள். மலையின் உயரம் தெரியும். எந்த மாதத்தில் பனி சரியும், கையில் எத்தனை மணி நேரத்துக்கு ஆக்ஸிஜன் இருக்கிறது எல்லாம் தெரியும். வருஷக்கணக்கில் பழகியிருக்கிறான். விண்வெளி வீரனுக்கோ ஒவ்வொரு ஸ்விட்சும் தூக்கத்தில்கூடத் தெரியும். அவர்களுடைய துணிச்சல், எல்லாவற்றையும் தெரிந்துகொண்ட பிறகு வருகிற துணிச்சல். விளம்பரம் நம்மிடம் கேட்பது, எதையும் தெரிந்துகொள்வதற்கு முன்னால் வருகிற துணிச்சல். அதற்குத் தேவை ஒரு கட்டைவிரலும் ஒரு போனும். இரண்டுக்கும் தமிழில் வேறு வேறு பெயர் இருக்கிறது. முதலாவது தைரியம். இரண்டாவது அசட்டுத் தைரியம்.

படம் வந்தபோது ஒரு பிட்காயின் சுமார் 60,000 டாலர். அடுத்த ஆண்டு நவம்பரில் சுமார் 16,000. டேமன் பேச்சைக் கேட்டு ஆயிரம் டாலர் போட்டவரிடம் அன்றைக்கு முந்நூறுகூட மிஞ்சியிருக்காது.

*

இரண்டாவது படத்துக்கு மேடை சூப்பர் பவுல். அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப்போட்டி. நம்மூரில் இந்தியா பாகிஸ்தான் மேட்ச் மாதிரி, ஊரே அடங்கிப்போகும். 2022 பிப்ரவரி 13 அன்று சுமார் பத்துக் கோடிப் பேர் பார்த்தார்கள். முப்பது விநாடி விளம்பரத்துக்குக் கட்டணம் 65 லட்சம் டாலர். அன்றைய கணக்கில் ஏறக்குறைய ஐம்பது கோடி ரூபாய். அந்த ஒரு ராத்திரியில் எஃப்.டி.எக்ஸ்., காயின்பேஸ், கிரிப்டோ.காம், இடோரோ என்று வரிசையாக வந்ததால், பத்திரிகைக்காரர்கள் ‘கிரிப்டோ பவுல்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

விவரம் தெரிந்தவர்களுக்கு அப்போதே வயிற்றைக் கலக்கியிருக்கும். 2000 ஜனவரி சூப்பர் பவுலில் இப்படித்தான் டாட்காம் கம்பெனிகள் ஒரு டஜனுக்கு மேல் வரிசை கட்டின. அதில் ஒன்றான பெட்ஸ்.காம், நாய் பூனைகளுக்குத் தீனி விற்ற கம்பெனி, அதே வருஷம் நவம்பரில் கடையைச் சாத்தியது.

எஃப்.டி.எக்ஸ். கொடுத்த படத்தில் நடித்தவர் லாரி டேவிட். ‘ஸைன்ஃபெல்ட்’ தொடரை உருவாக்கிய இருவரில் ஒருவர். எதற்கெடுத்தாலும் மூக்கைச் சுளிக்கிற கிழவர் வேஷம் அவருக்குச் சட்டை மாதிரிப் பொருந்தும். விளம்பரத்தில் காலங்காலமாக அவர் வருகிறார். சக்கரத்தைக் கண்டுபிடித்துக் காட்டினால் ‘இது எதற்கு?’ என்கிறார். முள்கரண்டி, கழிப்பறை, மின்விளக்கு, வாக்மேன் எல்லாவற்றுக்கும் அதே உதட்டுப் பிதுக்கல். கடைசியில் இன்றைய காலம். ஓர் இளைஞர் எஃப்.டி.எக்ஸை நீட்டி, கிரிப்டோவுக்குள் நுழைய இது பத்திரமான, சுலபமான வழி என்கிறார். லாரி வழக்கம்போல ‘எனக்கு அப்படித் தோணலை, இந்த மாதிரி விஷயங்களில் நான் தப்பாகச் சொன்னதே கிடையாது’ என்கிறார். லாரி மாதிரி இருக்காதீர்கள் என்று நமக்கு அறிவுரை சொல்லிப் படம் முடிகிறது.

சிரிப்பு வருகிறதா? வருகிறது. மூன்றில் சிறந்த படம் இதுதான். ஆபத்தானதும் இதுதான்.

டேமன் நம் கூச்சத்தைத் தொட்டார். லாரி படம் நேராக மூளையில் கை வைக்கிறது. புதிதாக ஓர் இடத்துக்குள் நுழைகிறவனிடம் இருக்கிற ஒரே ஆயுதம் சந்தேகம். ‘இது என்ன? நீ யாரு? பணம் எங்கே போகுது?’ என்று கேட்கிற குணம். அந்தக் குணத்துக்கு ஒரு கோமாளி வேஷம் மாட்டி, மேடையில் நிறுத்தி, பத்துக் கோடிப் பேரைச் சிரிக்க வைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு யாருக்குக் கேள்வி கேட்க வாய் வரும்? கேட்டால் சக்கரம் வேண்டாமென்ற கிழவன் ஆகிவிடுவோமே!

நம்மூரிலும் கேள்வி கேட்கிறவனுக்குச் ‘சந்தேகப் பிராணி’ என்றுதான் பட்டம். மனுஷன் என்றுகூடச் சொல்வதில்லை. பிராணி!

இந்தப் படத்தை மூன்று கேள்விகளில் நிறுத்துங்கள். இரண்டாவது கேள்விக்கு இது பதில் சொல்கிறது. பத்திரம் என்கிறது. அந்த ஒரு வார்த்தை எவ்வளவு பொய் என்பது ஒன்பதே மாதத்தில் தெரிந்தது.

2022 நவம்பர் 8ம் தேதி எஃப்.டி.எக்ஸில் பணம் எடுப்பது நிறுத்தப்பட்டது. 11ம் தேதி திவால் மனு. வாடிக்கையாளர்கள் நம்பிப் போட்ட பணத்தை, கம்பெனி முதலாளி சாம் பாங்க்மன் ஃபிரைட் தன்னுடைய இன்னொரு கம்பெனியான அலமேடாவுக்குத் திருப்பிவிட்டிருந்தார். சூதாட்டம் போன்ற முதலீடுகள், பங்களாக்கள், அரசியல் நன்கொடை என்று அது கரைந்திருந்தது. பள்ளம் 800 கோடி டாலருக்கு மேல்.

கம்பெனியைச் சுத்தப்படுத்த வந்தவர் ஜான் ரே. என்ரான் திவாலான பிறகு அதன் மிச்சசொச்சத்தைக் கவனித்தவர். அவரே, இப்படி ஒரு நிர்வாகச் சீர்கேட்டைத் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை என்று கோர்ட்டில் எழுதிக் கொடுத்தார். செலவுக்கு அனுமதி கேட்டு ஊழியர் சாட்டில் மெசேஜ் போடுவாராம். மேலதிகாரி ஒரு பொம்மை எமோஜி போட்டால் பணம் சாங்ஷன்! கணக்கு எழுதியது க்விக்புக்ஸில். சின்னச் சின்னக் கடைகளுக்கென்று செய்த சாஃப்ட்வேர் அது. பி.காம். முதல் வருஷத்தில் ‘வவுச்சர் இல்லாமல் வரவும் இல்லை, செலவும் இல்லை’ என்று எங்களுக்குத் தலையில் குட்டிச் சொல்லிக் கொடுத்தார்கள். அந்த வாத்தியார் மட்டும் இதைக் கேள்விப்பட்டிருந்தால் சாக்பீஸை எறிந்திருப்பார்.

முதலாளிக்கு 2024 மார்ச்சில் 25 வருஷ ஜெயில். லாரி டேவிட்டும் தப்பவில்லை. சம்பளத்தில் ஒரு பகுதியை கிரிப்டோவாக வாங்கியிருந்தாராம். போச்சு. நண்பர்கள் சொன்னதைக் கேட்டு முட்டாள்தனமாக ஒப்புக்கொண்டேன் என்று பிற்பாடு பேட்டி கொடுத்தார். அதாவது, திரையில் சந்தேகப்பட்ட லாரி புத்திசாலி. திரைக்கு வெளியே நம்பிய லாரிதான் ஏமாந்தவர்.

*

மூன்றாவது படம் காயின்பேஸ் உடையது. அதே ராத்திரி, அதே சூப்பர் பவுல். இதில் நட்சத்திரம் இல்லை. வசனம் இல்லை. கறுப்புத் திரையில் ஒரு க்யூ.ஆர். கோடு, பழைய டிவிடி பிளேயரை நிறுத்தி வைத்தால் அந்த லோகோ மிதக்குமே, அதைப்போலக் கலர் மாறி மாறி மூலைக்கு மூலை முட்டிக்கொண்டு திரிகிறது. ஒரு நிமிஷம் இதேதான்.

என்னதான் அது என்ற ஆவலில் ஜனங்கள் போனை எடுத்து நீட்டினார்கள். ஒரே நிமிஷத்தில் இரண்டு கோடிக்கும் மேற்பட்ட ஹிட்கள் தங்கள் தளத்தில் குவிந்ததாகக் கம்பெனி சொன்னது. கூட்டம் தாங்காமல் தளம் கொஞ்ச நேரம் படுத்துவிட்டது. புதிதாகச் சேருகிறவர்களுக்கு 15 டாலர் மதிப்புள்ள பிட்காயின் இலவசம் என்று அறிவிப்பு.

விளம்பர உலகம் கொண்டாடியது. கான் விளம்பர விழாவில் உச்சப் பரிசு கிடைத்தது. படத்துக்கு அவர்கள் வைத்த பெயரைத் தமிழில் சொன்னால், ‘பேச்சைக் குறை, பிட்காயினைக் கூட்டு’. இதைவிட வெளிப்படையாக யாரும் ஒப்புக்கொள்ள முடியாது. மூன்று கேள்விகளுக்கும் இந்தப் படத்தின் பதில், ‘பேசாதே!’

ஒரு விஷயத்தில் நியாயமாக இருக்க வேண்டும். காயின்பேஸ், எஃப்.டி.எக்ஸ். இல்லை. பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட, கணக்குக் காட்டுகிற கம்பெனி. அந்தக் கணக்குதான் நமக்கு உதவுகிறது. விளம்பரம் வந்து மூன்று மாதம் கழித்து, 2022 மே மாதக் காலாண்டு அறிக்கையில், ஒருவேளை கம்பெனி திவாலானால், அதனிடம் இருக்கிற வாடிக்கையாளர்களின் கிரிப்டோ, கம்பெனி சொத்தாகக் கருதப்படலாம் என்று எழுதியிருந்தார்கள். அதாவது, நீங்கள் உங்கள் காயினுக்குச் சொந்தக்காரர் இல்லை. ஈடு எதுவும் இல்லாமல் கடன் கொடுத்தவர்களின் வரிசையில் ஒருவர். பாங்க்காரன், பத்திரம் வைத்திருப்பவன் எல்லாம் எடுத்த பிறகு மிச்சம் இருந்தால் நமக்கு.

படித்தவர்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. திவாலாகும் ஆபத்து இல்லை என்று விளக்கம் சொன்ன கம்பெனித் தலைவர் பிரையன் ஆம்ஸ்ட்ராங், இதை முன்கூட்டியே தெளிவாகச் சொல்லாததற்கு மன்னிப்பும் கேட்டார். இரண்டாவது கேள்விக்கான பதில் அவர்களிடம் இருந்தது. அதைச் சொல்ல இடமும் இருந்தது. ஒரு நிமிஷம், பத்துக் கோடிப் பேர். ஆனால், அந்த நிமிஷத்தில் பொம்மை மிதந்தது. பதில் காலாண்டு அறிக்கைக்குப் போனது. காலாண்டு அறிக்கையை யார் ஸ்வாமி படிக்கிறார்கள்?

*

இந்த இடத்தில் ஒரு பழைய கதையைச் சொல்லியாக வேண்டும். கிரிப்டோவின் வாசல் எப்போதும் இப்படி இல்லை.

2009 ஜனவரியில் பிட்காயின் ஓட ஆரம்பித்தது. 2010ல் கேவின் ஆண்ட்ரஸன் என்ற புரோகிராமர் ஓர் இணையப் பக்கம் வைத்தார். போனால் ஆளுக்கு ஐந்து பிட்காயின் இலவசம். சும்மா! அதே ஆண்டு மே மாதம் ஃப்ளோரிடாவில் ஒருவர் இரண்டு பீட்ஸாவுக்கு 10,000 பிட்காயின் கொடுத்தார். இன்று அதைக் கணக்குப் போட்டுப் பார்த்து வயிறெரிபவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிப்பதில்லை. அந்த ஐந்தை வாங்குவதற்கு, முதலில் பிட்காயின் புரோகிராமை நம் கம்ப்யூட்டரில் போட வேண்டும். ரகசியச் சாவி என்றால் என்ன, அதைத் தொலைத்தால் என்ன ஆகும் என்று புரிந்திருக்க வேண்டும். வாசல் குறுகல். கற்றுக்கொள்ளாமல் உள்ளே போக முடியாது.

அதில் கஷ்டங்கள் இல்லாமல் இல்லை. பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் ஒருவர், ஆயிரக்கணக்கான பிட்காயினின் சாவி இருந்த ஹார்டு டிஸ்க் 2013ல் குப்பையோடு போய்விட, வருஷக்கணக்கில் குப்பைமேட்டைத் தோண்ட அனுமதி கேட்டு அலைந்தார். சாவி நம்மிடம் இருந்தால் பொறுப்பும் நம்மிடம்தான்.

ஆனால், பிட்காயினின் மொத்தத் தத்துவமே நடுவில் ஆள் வேண்டாம் என்பதுதான். பாங்க்கை நம்ப வேண்டாம், தரகரை நம்ப வேண்டாம், கணக்கை எல்லோரும் சேர்ந்து சரிபார்ப்போம் என்பதற்காகத்தான் அதைக் கண்டுபிடித்தார்கள். பத்து வருஷம் கழித்துக் கோடிக்கணக்கான புதியவர்கள் வந்தது எந்த வழியாக? நடுவில் ஒரு கடைக்காரரை நிறுத்தி, அவர் கையில் சாவியைக் கொடுத்துவிட்டு! டேமனும் லாரியும் மிதக்கும் பொம்மையும் விற்றது பிட்காயினை இல்லை. கடையை. இந்த ஒரு வித்தியாசம் புதிதாக வருகிறவனுக்குப் புரிந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டிவிடுவான். மூன்று படங்களும் மறைப்பது அந்த வித்தியாசத்தைத்தான்.

“எல்லாம் சரி, பிட்காயின் அப்புறம் ஏறிடுச்சே!” என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. ஏறியது. 2024 டிசம்பரில் ஒரு லட்சம் டாலரைத் தாண்டியது. 2025 அக்டோபரில் ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கும் மேலே போய், மறுபடி இறங்கியது. விலை விஷயத்தில் லாரி தோற்றார், ஒப்புக்கொள்கிறேன். கடை விஷயத்தில் ஜெயித்தார். எஃப்.டி.எக்ஸில் பிட்காயின் வைத்திருந்தவர்களைக் கேட்டால் இன்னும் நன்றாகச் சொல்வார்கள். திவால் கோர்ட்டு அவர்களுக்கு ஏற்றுக்கொண்ட தொகை, 2022 நவம்பர் விலையில். ஒரு பிட்காயினுக்குச் சுமார் 16,900 டாலர். அதற்கு மேல் வட்டி மாதிரி கொஞ்சம் சேர்த்து 2025ல் கைக்கு வந்தது. அதற்குள் வெளியே விலை ஐந்து மடங்குக்கு மேல் போயிருந்தது. காயின் ஏறியது. அவர்கள் ஏறவில்லை.

பாஸல் நகரத்தில் பி.ஐ.எஸ். என்று ஒன்று இருக்கிறது. மத்திய வங்கிகளுக்கெல்லாம் வங்கி. அதன் ஆய்வாளர்கள் 95 நாடுகளில் 2015 முதல் 2022 வரை கிரிப்டோ ஆப்களை யார், எப்போது இறக்குகிறார்கள் என்று பார்த்தார்கள். விலை ஏறும்போதுதான் புதியவர்கள் வருகிறார்கள். அப்படி வந்தவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேருக்கு, பிட்காயினில் அன்றைய தேதிக்கு நஷ்டமாகத்தான் இருக்கும் என்பது அவர்கள் போட்ட கணக்கு. சின்னவர்கள் வாங்கும்போது பெரிய முதலைகள் விற்றுக்கொண்டிருந்ததும் அதில் தெரிந்தது. வாசலில் மேளம் அடிக்கிற நேரத்தில் பின்பக்கமாக யாரோ இலையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள்.

*

இனி நம்மூர். 2021 உலகக் கோப்பை சமயத்தில் காயின்ஸ்விட்ச் குபேருக்கு ரன்வீர் சிங், காயின்டிசிஎக்ஸுக்கு ஆயுஷ்மான் குரானா. இளமை, மாற்றம், எதிர்காலம் என்று அதே பாட்டு, இந்தி மெட்டில். அக்கா மகன் கேட்டது அதைத்தான். விளம்பரத் தொல்லை தாங்காமல் அந்த நவம்பரில் பிரதமர் தலைமையில் ஒரு கூட்டமே நடந்தது.

2022 ஏப்ரல் 1 முதல் இரண்டு மாற்றங்கள். ஒன்று, லாபத்துக்கு 30 சதவிகித வரி. ஒரு காயினில் வந்த நஷ்டத்தை இன்னொரு காயினின் லாபத்தில் கழிக்க முடியாது. ஜெயித்தால் சர்க்காருக்குப் பங்கு, தோற்றால் உன் பாடு! இரண்டாவது, விளம்பரங்களுக்கான சுயக்கட்டுப்பாட்டு அமைப்பான ஏ.எஸ்.சி.ஐ. கொண்டுவந்த விதிகள். இது கட்டுப்பாடு இல்லாத துறை, ஆபத்து மிக அதிகம், நஷ்டம் வந்தால் சட்டப்படி முறையிட இடம் இல்லாமல் போகலாம் என்று எல்லா விளம்பரத்திலும் சொல்ல வேண்டும். ‘கரன்ஸி’, ‘கஸ்டோடியன்’ போன்ற வார்த்தைகளைப் பயன்படுத்தக் கூடாது; ஏனென்றால், ஜனங்கள் அதைக் கேட்டு ஏதோ பாங்க் மாதிரி என்று நினைத்துவிடுகிறார்கள். நல்ல விதி. ஆனால், விடுபட்டது அந்த இரண்டாவது கேள்விதான்.

அதற்கு விடை 2024 ஜூலை 18 அன்று வந்தது. வாஸிர்எக்ஸ் எக்ஸ்சேஞ்சில் இருந்து சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள கிரிப்டோ களவு போனது. செய்தது வட கொரிய ஹேக்கர்கள் என்று அமெரிக்கா, ஜப்பான், தென் கொரியா மூன்றும் சேர்ந்து சொல்லின. வாடிக்கையாளர்கள் ஓராண்டுக்கு மேல் காயினை எடுக்க முடியாமல் காத்திருந்தார்கள். நஷ்டத்தை எல்லோருமாகப் பங்கு போட்டுக்கொள்வோம் என்று ஒரு திட்டம். அடுத்தவன் பெட்டி திருடு போனதற்கு என் பெட்டியில் எதற்குக் கை வைக்கிறாய் என்று சென்னையைச் சேர்ந்த ஒரு பெண்மணி ஹைகோர்ட்டுக்குப் போனார். அவர் வைத்திருந்தது திருடு போன வகைக் காயினே இல்லை. 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம், கிரிப்டோ என்பது சொத்து, அதை ஒருவருக்காக இன்னொருவர் பொறுப்பில் வைத்திருக்க முடியும் என்று சொல்லி அவருக்குப் பாதுகாப்புக் கொடுத்தது.

‘யார் கையில் இருக்கிறது?’ என்ற கேள்வியை ஒரு வாடிக்கையாளர் கோர்ட்டு வரைக்கும் போய்க் கேட்க வேண்டியிருந்தது. விளம்பரத்திலேயே ஒரு வரி சொல்லியிருக்கலாம்.

பிரிட்டன் இதில் ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறது. 2023 அக்டோபர் 8 முதல், புதிதாக வருகிறவருக்கு 24 மணி நேரக் காத்திருப்பு. நீ வாங்குவது உனக்குப் புரிகிறதா என்று பார்க்க ஒரு சோதனை. சேர்ந்தால் போனஸ், நண்பனைச் சேர்த்தால் போனஸ் எல்லாம் தடை. தேக்கு மரம், ஈமு கோழி என்று பார்த்துவிட்ட நம் ஊருக்கு இந்த ஒரு நாளின் அருமை தெரியும். ஈமுவுக்குப் பணம் கட்டும் முன்னால் ஒரு ராத்திரி தூங்கி எழுந்திருந்தால், ‘இந்தக் கறியை யார் சாப்பிடுவா?’ என்று வீட்டம்மாவே கேட்டிருப்பார்.

நான் அக்கா மகனிடம் விற்றுவிடு என்று சொல்லவில்லை, வைத்துக்கொள் என்றும் சொல்லவில்லை. அந்த அளவுக்கு எனக்கு ஜோசியம் தெரியாது. மூன்று கேள்விக்கும் பதில் கண்டுபிடி, அதுவரைக்கும் புதிதாக ஒரு ரூபாய் போடாதே என்றேன். கை கழுவப் போகும்போது முணுமுணுத்தான். “நீங்க எப்பவும் எல்லாத்தையும் சந்தேகப்படுவீங்க மாமா!”

நேற்று மெசேஜ் வந்தது. “மாமா, முதல் கேள்விக்குப் பதில் தெரிஞ்சிடுச்சு. நாய்க் காயினுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. மூணாவதும் தெரிஞ்சிடுச்சு. வெளியே எடுக்கலாம், ஆனா என் ஆப்புல எல்லாக் காயினையும் எடுக்க விட மாட்டாங்களாம். ரெண்டாவதுக்கு கஸ்டமர் கேருக்கு எழுதியிருக்கேன். நாலு நாளாச்சு, பதில் இல்லை.”

பரவாயில்லை. பையன் கேட்க ஆரம்பித்துவிட்டான்.